ஆம்பியர் முள்ளும் மஞ்சள் விளக்கும்

திருவொற்றியூரில் 1955இல் தயாராகத் தொடங்கிய புல்லட்டில், ஹெட்லைட்டுக்கு மேலே ஸ்பீடோமீட்டருடன் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டரும் இருந்தது. பல பத்தாண்டுகள் வண்டியின் நோயைச் சொன்னது அந்த முள்தான். சாவியைத் திருப்பி கிக்கரை மெல்ல அழுத்தினால், இக்னிஷன் பாயிண்ட் சேரும்போது முள் இடப்பக்கம் சாயும். பிரிந்ததும் நடுவுக்கு வரும். அங்கே டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஓங்கி ஓர் உதை. முள் அசையவே இல்லையா? பேட்டரி, ஃபியூஸ், பாயிண்ட் மூன்றில் ஒன்று. சாய்ந்த முள் திரும்பவே இல்லையா? பாயிண்ட் பிரியவில்லை. எமரித் தாளால் தேய்த்து, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தால் வேலை முடிந்தது.

மீதியைப் பிளக் சொல்லும். கழற்றிப் பார்க்கும்போது பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்ப்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதிச் சரிசெய்தவர்களும் உண்டு. ஸ்பேனரும் காதும் இருந்தால் சாலையோரத்திலேயே வண்டியைக் கிளப்பிவிடலாம் என்பது அன்றைய பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மழையில் மட்டும் நிற்கும் வண்டி, மெக்கானிக் கடை வாசலில் சமர்த்தாக ஓடும். அவர் கண்டென்சரை மாற்றுவார். பழுது போகவில்லை என்றால் காயிலை. அதற்கும் அடங்காவிட்டால் பிளக் வயரை. ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் கொடுத்தது வண்டிக்காரர்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் புகைக் கட்டுப்பாட்டைக் கார்ப்பரேட்டரால் சமாளிக்க முடியவில்லை. புல்லட்டும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2023இல் வந்த புது இன்ஜின் புல்லட்டில் கிக்கரே கிடையாது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் ஒரு நொடி முனகும். இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால், அல்லது ஓடும்போது மறுபடி எரிந்தால், ஏதோ ஒரு சென்சாரின் கணக்கு, இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

"அண்ணே, லைட் எரியுது" என்றால் இன்றைய மெக்கானிக்கின் முதல் கேள்வி, "கோடு என்ன?" ஈசியூ தன் நினைவில் பழுதை எண்ணாக எழுதி வைத்திருக்கும். ஸ்கேனரைச் செருகினால் பி0122 என்பது போல ஒன்று வரும்: த்ராட்டில் பொசிஷன் சென்சார் இணைப்பில் வோல்ட்டேஜ் குறைவு. மழையில் மட்டும் வந்து மறையும் பழுதுகூட இங்கே பதிவாகிவிடும். பழைய மெக்கானிக்குக் கிடைக்காத பெரிய வசதி இது.

ஆனால் அந்த எண் தெருவின் பெயரைத்தான் சொல்லும், கதவு எண்ணைச் சொல்லாது. சென்சார் கெட்டிருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், வாட்டர் வாஷில் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். கோடு வந்ததுமே புது சென்சார் வாங்கிப் போடுகிறவர், கண்டென்சரையும் காயிலையும் வரிசையாக மாற்றிய பழைய மெக்கானிக் செய்ததையேதான் செய்கிறார், செலவுதான் கூடுதல்.

தெரிந்தவர் பேட்டரியில் தொடங்குவார், ஏனென்றால் அது பலவீனமானாலே சென்சார்கள் தாறுமாறாகப் பேசும். அடுத்து கனெக்டரைக் கழற்றி பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மல்டிமீட்டர். த்ராட்டில் சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் சென்சார் மேல் குற்றமில்லை. வயரைத் தேட வேண்டும். வந்தால் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திருகிப் பார்ப்பார். அரை வோல்ட் அளவில் தொடங்கி நாலு வோல்ட்டுக்கு மேல் வரை சீராக ஏற வேண்டும். நடுவில் எங்கேனும் விழுந்தால் அப்போதுதான் சென்சார் குற்றவாளி. சத்தத்துக்காக சைலன்சரை மாற்றியவர் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்தால், முதலில் அந்த சைலன்சர் இணைப்பில் காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பார்.

ஆக, காதின் இடத்துக்கு மீட்டர் வந்திருக்கிறது; எதை முதலில் பார்ப்பது, எதை விலக்குவது என்ற புத்தி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது இன்னொன்றும் உண்டு. ஆம்பியர் முள் ஓட்டுபவரின் கண்ணெதிரே ஆடியது. கோடோ ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிகிறது. அதனால் மஞ்சள் விளக்கோடு சர்வீஸுக்குப் போகிறவர், "லைட்டை அணைத்துக் கொடுங்கள்" என்று கேட்கக் கூடாது. கோடை அழித்தால் விளக்கு அணையும், கூடவே சாட்சியும் அழியும். அழிப்பதற்கு முன் எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். எதை அளந்து எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும். வாரன்ட்டி உள்ள புது வண்டிக்கு அந்தத் தாள் இன்னும் அவசியம்: அதே விளக்கு அடுத்த மாதம் மறுபடி எரிந்தால், பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.