எழுத்தறியுமுன் ஒலியறிதல்

அறிவிற் குறைவில்லாத சிறுவனொருவன் பல்லாண்டு பயின்றும் தாய்மொழியிலுள்ள சிறு சொற்களையும் வாசிக்கமாட்டாது திகைப்பானாயின், அவனை மந்தனென்றும் சோம்பனென்றும் இகழ்தல் உலக வழக்கம். இங்கிலாந்திலே பிரிங்கிள் மார்கன் என்னும் வைத்தியர் 1896-ஆம் ஆண்டில் அத்தகைய சிறுவனொருவனைக் குறித்து எழுதினார். அவனுக்கு வயது 14, கணக்கில் வல்லன், ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியில் இவனே முதல்வனாவான் என்றார் அவன் ஆசிரியர்.

அக்காலத்தார் இதனைப் ‘பிறவிச் சொற்குருடு’ என்றனர். இக்காலத்தார் ‘டிஸ்லெக்ஸியா’ என்பர். பழைய பெயரால் குறை கண்ணிலுள்ளதென்று மயங்கினோர் பலர். நம் இலக்கண நூலார் எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு கூறினர். இப்பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு இடர்ப்பாடு தொடங்குவது வரிவடிவிலன்று, ஒலிவடிவில். செவி நன்றாகவே கேட்கும். கேட்ட சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பகுத்துணர்தலே அரிதாகின்றது.

ஆக்ஸ்போர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர் இதனைச் சோதித்து 1983-இல் வெளியிட்டனர். வாசிக்கத் தொடங்காத 4, 5 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேரிடம், ‘பன், ஹட், கன், சன்’ என்றாற்போலச் சொற்களைச் சொல்லி, ஒலியால் வேறுபட்டது யாதென வினவினர். விடை கூற இடர்ப்பட்டவருள் 65 பேரைத் தெரிந்து நான்கு கூட்டமாக்கினர். ஒரு கூட்டத்தார் ஒலிகளை இனம்பிரிக்கப் பயின்றனர், மற்றொரு கூட்டத்தார் அதனோடு பிளாஸ்டிக் எழுத்துக்களையும் கையாண்டனர், மூன்றாங் கூட்டத்தார் பொருள்வகையால் இனம்பிரிக்கப் பயின்றனர், நான்காவதற்குப் பயிற்சியில்லை. இரண்டாண்டில் நடந்த பாடங்கள் 40 மட்டுமே! முடிவில் ஒலியையும் எழுத்தையும் ஒருங்கு பயின்றவரே வாசிப்பிலும் சொல்லெழுதுவதிலும் தெளிவாக முந்தினர்.

எழுத்தைக் கையாளுதலால் விளையும் பயன் யாதெனின், ‘ஹென்’ என்பதன் முதலெழுத்தை அகற்றி வேறொன்றை வைக்க ‘மென்’ ஆகின்றது. எஞ்சிய இரண்டெழுத்தும் பெயராதிருத்தலைப் பிள்ளை தன் விரலாலேயே அறிகின்றது. கட்புலனாகாத ஒலிக்கு இவ்வாறு ஓர் உருவங் கிடைக்கின்றது. இதனால் இடர் முற்றும் ஒழியுமென்று நாம் கூறோம். சிலர்க்கு நெடுநாள் உதவி வேண்டும்.

இவ்விடர் குடும்பவழியாகவும் வருவது. ஆதலின் பெற்றோருள் ஒருவர் வாசிக்க வருந்தியவராயின், அவர்தம் மகவை 5 வயதிலேயே இத்தகைய ஒலி விளையாட்டில் ஈடுபடுத்தலாம். ‘தானே தெளிவான்’ என்று 8 வயதுவரை காத்திருப்பின், உடன் பயில்வோர் நகைத்தலால் அவன் புத்தகத்தையே அஞ்சத் தொடங்கிவிடுவான்; பின்வரும் ஆசிரியர்க்கு எழுத்தைக் கற்பித்தலோடு அவ்வச்சத்தைப் போக்குதலும் தொழிலாகும்.