சரக்கே வண்டியாகும் ஆர்என்ஏ

கொரோனா காலத்தில் எம்ஆர்என்ஏ தடுப்பூசி என்ற பெயர் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தத் தடுப்பூசியில் ஆர்என்ஏ வெறும் சரக்குதான். அதைப் பொதிந்து செல்லுக்குக் கொண்டுபோன கொழுப்புத் துளிதான் வண்டி. வண்டி இல்லாமல் ஆர்என்ஏயை இரத்தத்தில் விட்டால், அங்கே இருக்கும் நொதிகள் சில நிமிடங்களில் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். தப்பிக்கும் சிறிய துணுக்குகளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். ஆர்என்ஏ மருந்து ஆய்வில் மருந்தை வடிவமைப்பது பாதி வேலைகூட இல்லை. அதை உரிய இடத்தில் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான், எஸ்ஐஆர்என்ஏ வகையில் உலகின் முதல் மருந்து. கெட்ட புரதத்தைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏயைக் குறிவைத்து அழிப்பது இவ்வகை மருந்தின் வேலை. பாட்டிசிரானும் கொழுப்புத் துளியில்தான் பயணிக்கிறது. அந்தத் துளி போய்ச் சேருமிடம் பெரும்பாலும் கல்லீரல். பின்னால் வந்த எஸ்ஐஆர்என்ஏ மருந்துகள் கொழுப்புத் துளியை விட்டுவிட்டு, கல்லீரல் செல் விரும்பிப் பிடித்துக்கொள்ளும் ஒரு சர்க்கரையை ஒட்டிக்கொண்டு வந்தன. அவையும் கல்லீரலுக்கே போயின. நோய் கல்லீரலில் இருந்தால் நல்லது. மார்பிலோ விந்துச் சுரப்பியிலோ புற்றுக்கட்டி இருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் ஆர்என்ஏ நானோதொழில்நுட்பம் வருகிறது. வேறு பொருளில் வண்டி செய்வானேன், ஆர்என்ஏயையே வண்டியாகக் கட்டினால் என்ன என்று கேட்கிறது அது.

கட்ட முடியும் என்று காட்டிக்கொடுத்தது ஒரு வைரஸ். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவைத் தாக்கும் அதன் பெயர் ஃபை-29. அதன் ஓடு சுமார் 50 நானோமீட்டர் நீளம். உள்ளே அடங்க வேண்டிய டிஎன்ஏயோ நீட்டிப்பிடித்தால் 6,000 நானோமீட்டருக்கு மேல். திணிக்க மோட்டார் வேண்டும். அந்த மோட்டாரில் புரதம் மட்டுமல்ல, குட்டி ஆர்என்ஏ ஒன்றும் இருக்கிறது, அது இல்லாமல் டிஎன்ஏ உள்ளே போகாது என்று 1987-இல் கண்டுபிடித்தார் பெய்ஷுவான் குவோ. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆண்டர்சனுடன் செய்த ஆய்வு அது. 1998-இல் அடுத்த திருப்பம் வந்தது. இந்த ஆர்என்ஏக்கள் தங்கள் வளைவுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் சில எழுத்துகளால் ஒன்றையொன்று பற்றி, கைகோத்து வளையமாகின்றன என்று தெரிந்தது. வளையத்தில் ஆறு இருக்கின்றனவா, ஐந்தா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். குளிர்-எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் ஐந்து என்றன. எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறு: எழுத்துகளை மாற்றினால் எது எதோடு சேர வேண்டும் என்பதை நாமே முடிவுசெய்யலாம்.

டிஎன்ஏயைக் கொண்டும் இப்படிக் கட்டுகிறார்கள். ஆனால் ஆர்என்ஏக்கு வளைந்துகொடுக்கும் குணம் அதிகம். ஒற்றை இழையாக இருப்பதால் தன்மேலேயே மடிந்து, கொண்டை ஊசி, முச்சந்தி, நாற்சந்தி என்று பல உருவம் எடுக்கும். மடிந்த ஆர்என்ஏ சில சமயம் நொதிபோல் வேலை செய்யும். சில சமயம் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொள்ளும் ஆர்என்ஏக்களுக்கு ஆப்டமர் என்று பெயர்.

ஃபை-29 ஆர்என்ஏயில் இருந்த ஒரு முச்சந்தியை மட்டும் வெட்டியெடுத்து, குவோவின் குழு 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் வேலை அது. 16, 18, 20 எழுத்து நீளமுள்ள மூன்று சிறு இழைகள். மூன்றையும் ஒரே குழாயில் கலந்தால் தாமாகவே சேர்ந்து மூன்று கை கொண்ட துகளாகிவிடும். இப்படிச் சேர மற்ற ஆர்என்ஏக்களுக்கு வேண்டிய மக்னீசியம்கூட இதற்குத் தேவையில்லை. பெரும்பாலான ஆர்என்ஏ உருவங்களைக் குலைத்துவிடும் 8 மோலார் யூரியாவிலும் இது பிரியவில்லை. மூன்று கைகளிலும் மூன்று வேலைக்காரர்களைப் பூட்டலாம். ஒரு கையில் ஃபோலேட். பல புற்றுசெல்கள் இந்த வைட்டமினைப் பிடிக்கும் ஏற்பிகளை மிகுதியாக வைத்திருப்பதால் அது முகவரிச்சீட்டு ஆகிறது. இன்னொரு கையில் எஸ்ஐஆர்என்ஏ. மூன்றாவதில் துகள் எங்கே போகிறது என்று காட்டும் ஒளிர்பொருள்.

நொதிகளிடமிருந்து எப்படித் தப்பும்? ஆர்என்ஏ எழுத்துகள் இரண்டில், சர்க்கரைப் பகுதியின் 2-ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு ஃபுளூரினை வைக்கிறார்கள். வெட்டும் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. மடிப்பு கெடுவதும் இல்லை.

எலிகளில் செலுத்திப் பார்த்தபோது இந்தத் துகள்கள் கட்டியில் தங்கின. கல்லீரலில் பெரிதாகத் தேங்கவில்லை. ஆர்என்ஏயின் எதிர்மின்னேற்றம் கண்ட செல்லிலும் ஒட்டாமல் காக்கிறது என்பது ஒரு விளக்கம். 2020-இல் குவோவின் குழு இன்னொன்றைச் சேர்த்தது: இத்துகள்களுக்கு ரப்பர்போல் நீண்டு சுருங்கும் தன்மை உண்டு. கட்டியின் ஓட்டை இரத்தக்குழாய்களில் நுழைந்துகொள்ளும். மிச்சம் சிறுநீரக வடிகட்டியில் நெளிந்து வெளியேறிவிடும்.

நோயெதிர்ப்பு மண்டலம் என்ன சொல்லும் என்பதுதான் மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்வி. வைரஸ் ஆர்என்ஏயைப் பார்த்தால் எச்சரிக்கை மணி அடிக்கப் பழகியது அது. கிரில் அஃபோனின், மரினா டோப்ரோவோல்ஸ்கையா ஆகியோரின் குழுக்கள் 2018-இல் பல வடிவத் துகள்களை மனித இரத்த செல்களோடு சேர்த்துப் பார்த்தன. கனசதுரம் பலமாகத் தூண்டியது, நார் வடிவம் மிகக் குறைவாக. வடிவத்தை மாற்றியே எதிர்ப்பை ஏற்றி இறக்கலாம் என்றால், தடுப்பூசிக்கு ஒரு வடிவம், புற்றுமருந்துக்கு வேறு வடிவம் என்று தேர்ந்தெடுக்க வழி பிறக்கிறது.

இரத்த உறைவைத் தடுப்பதிலும் ஆர்என்ஏ கட்டுமானம் பயன்படும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு, உறைவுக்குக் காரணமான த்ராம்பினைப் பிடிக்கும் ஆப்டமர்களை ஓர் ஆர்என்ஏ ஓரிகாமியில் பொருத்தி உறைவைத் தடுத்துக் காட்டியது. ஆப்டமருக்கு ஜோடி சேரும் இழையைக் கொடுத்தால் தடுப்பு நின்றுவிடுகிறது. மாற்றுமருந்தோடு பிறந்த மருந்து! அறுவைசிகிச்சை அறையில் இதன் அருமை தெரியும்.

ஓரிகாமி என்பது ஒரே நீண்ட இழை, நொதி அதை எழுத எழுத மடிந்து உருவாவது. 2014-இல் கோடி கியரி, பால் ரோத்முண்ட், எப்பே ஆண்டர்சன் மூவரும் இதைச் செய்துகாட்டினார்கள். பல இழைகளை வேதிமுறையில் தனித்தனியே தயாரிக்கும் செலவு இதில் இல்லை. ஆனால் மடிப்பு எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை. டென்மார்க்கின் ஓர்ஹுஸில் வடிவமைத்த ஒன்று முதலில் தவறான உருவத்தில் சிக்கி, பல மணி நேரம் கழித்துத்தான் சரியான உருவத்துக்கு மாறியது.

மனிதருக்கான மருந்தாக இந்தக் கட்டுமானங்களில் எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை. பெரிய தடை செல்லுக்குள்ளேயே இருக்கிறது. செல் துகளை விழுங்கும்போது அதை ஒரு பைக்குள் அடைக்கிறது. கொழுப்புத் துளியில் போகும் எஸ்ஐஆர்என்ஏயிலேயே 100-க்கு ஒன்றிரண்டுதான் பையை உடைத்து வெளியே வருவதாக அளந்திருக்கிறார்கள். இதற்கு மாற்றாக 2018-இல் குவோவின் குழு எக்ஸோசோம்களை நாடியது. செல்களே வெளியிடும் நுண்பைகள் இவை. செல் சவ்வோடு நேரே கலந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அம்பு வடிவ ஆர்என்ஏயின் வால்பக்கம் கொலஸ்ட்ராலை ஒட்டினால் அது எக்ஸோசோமின் மேற்பரப்பில் முகவரிச்சீட்டாக நிற்கிறது; அம்புமுனையில் ஒட்டினால் உள்ளே போகிறது. எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி தடைபட்டது. அடுத்து, எக்ஸோசோம்களை மருந்தின் தரத்தில், ஒவ்வொரு தொகுதியும் ஒன்றுபோலிருக்க, பெருமளவில் தயாரித்தாக வேண்டும். உயிருள்ள செல்களிலிருந்து எடுக்கும் பொருளுக்கு அது எளிதல்ல.