மரத்தளம் காப்போம்

மலாக்கா என்றதும் தூண்கள்மேல் நிற்கும் மலாய் மரவீடுகள் நினைவுக்கு வரும். பலகைக்கு அடியில் காற்று புகுவதே அவற்றின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாகும். எங்கள் சிம்பாங் அம்பாட்டில் செங்கால், பாலாவ், மெர்பாவ் பலகைகளால் வீட்டுக்கு வெளியே தளம் அமைப்போர் இதை மறக்கலாகாது.

மழையிலும் வெயிலிலும் பலகை உப்பிச் சுருங்கும். எனவே, பலகைகளுக்கிடையே சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. கடின மரத்தில் முன்கூட்டியே துளையிட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். இல்லையேல் முனை பிளக்கும். சாதாரண இரும்பாணி மரத்தின் டானினோடு சேர்ந்து கருங்கறை உண்டாக்கும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே ஏற்றது. படிந்த கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசலால் போக்கலாம். கையுறை அணிந்து, பின்னர் நன்கு அலசிவிட வேண்டும்.

தளம் சாம்பல் நிறமாவது வெயிலின் வேலை. அது உளுத்தல் அன்று. நான் அஞ்சுவது பாசிக்குத்தான். முதியோர் வழுக்கி விழ அது போதும். மரத்தூரிகையால் தேய்த்துக் கழுவி, இலைச்சருகுகளை அகற்றினால் பாசி குறையும்.

ஐயமுள்ள பலகையைத் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் சாயம் பூசி மறைக்காதீர்கள். அப்பலகையை மட்டும் மாற்றுங்கள். செங்கால் மிக மெதுவாக வளரும் மரம். அதன் ஒரு பலகையைக் காப்பதும் காட்டைக் காப்பதே ஆகும்.