தலைக்காயமும் குழந்தையின் மொழியும்

லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தலைக்காயத்திற்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் பின்னர் நம் வகுப்பறைகளுக்கே திரும்புகின்றனர். குழந்தைமூளை இழந்த மொழியை எளிதில் மீட்டுக்கொள்ளும் என 1967இல் மொழியியலாளர் எரிக் லென்னபர்க் வாதிட்டார். அது பாதி உண்மையே. பேச்சு பெரும்பாலும் மீள்கிறது; எனினும் உரிய சொல்லை நினைவுகூர்தல், நிகழ்ச்சியைக் கோவையாகக் கூறுதல், குறிப்புப்பொருளை உணர்தல் ஆகியவற்றில் குறை எஞ்சக்கூடும். மூளையின் முன்பகுதி பதின்பருவத்தைக் கடந்தே முழு முதிர்ச்சி அடைகிறது. ஆதலின் 5 வயதில் பட்ட காயத்தின் விளைவு, கட்டுரை எழுதும் 12 வயதில் வெளிப்படலாம். அதனைச் சோம்பல் என நாம் கருதிவிடுகிறோம். மாணவர் தமிழில் மட்டும் தடுமாறினால் அது பயிற்சிக்குறையாக இருக்கலாம். ஆங்கிலத்திலும் அவ்வாறே தடுமாறினால், பழைய காயம் ஏதேனும் உண்டா எனப் பெற்றோரிடம் நாம் கேட்டறிதல் வேண்டும்.