நான்கு எட்டான காலம்

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கமில் வளர்ந்த ஏரிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 புரோ கிராபிக்ஸ் அட்டை 2002இல் 399 அமெரிக்க டொலருக்கு வந்தது. சில மாதங்களில் அதே சில்லின், படம் வரையும் எட்டுப் பைப்லைன்களில் நான்கை அடைத்து, 9500 என்ற பெயரில் ஏறத்தாழப் பாதி விலைக்கு விற்றார்கள். சில சில்லுகளில் அந்த நான்கில் உண்மையாகவே பழுது இருந்தது. வேறு சிலவற்றில் குறையேதும் இல்லை. மலிவு அட்டைக்கு ஆள் அதிகம் என்பதால் நல்லதையும் அடைத்தார்கள். எது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடைப்பை மென்பொருளாலேயே விலக்கலாம் என்று விரைவில் தெரிந்துவிட்டது. நினைவகச் சில்லுகள் ‘ட’ வடிவில் பதிந்த அட்டையாகத் தேடி வாங்கி, ரிவாட்யூனர் என்ற மென்பொருள் கொண்டு ட்ரைவரைத் திருத்தினார்கள். சோதிக்கப்படாத ட்ரைவர் என்று விண்டோஸ் எக்ஸ்பி எச்சரிக்கும். பரவாயில்லை என்று அழுத்தினால் வழிவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் 9700. இல்லையென்றால் திரை முழுக்கச் சதுரங்கக் கட்டங்கள். திருத்திய ட்ரைவரைக் கழற்றினால் பழைய நான்கு பைப்லைன்களோடு அட்டை திரும்பிவிடும். சூதாட்டம்தான், ஆனால் தோற்றது உடனே தெரிந்த சூதாட்டம்.

லினக்ஸ்காரர் பாடு இன்னும் கடினம். அந்தச் சில்லின் முப்பரிமாணப் பகுதிக்கு வெளியார் கையில் ஆவணமே இல்லை. ஏரிஐயின் சொந்த ட்ரைவர் எந்த ரெஜிஸ்டரில் எதை எழுதுகிறது என்று ஒற்றறிந்துதான் திறந்த ட்ரைவரை எழுதினார்கள். ஓர் ஊகம் பிழைத்தால் கணினி முழுதும் உறைந்துவிடும். ஏஜிபி ஃபாஸ்ட் ரைட் என்ற வேகவழிக்கு அந்தத் திறந்த ட்ரைவரின் கையேட்டில் எழுதியிருந்த குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்: இதை இயக்கினால் எங்களிடம் உதவி கேட்டு வராதீர்கள் என்பதே அதன் சாரம்.

2006இல் ஏரிஐயை 540 கோடி டொலருக்கு ஏஎம்டி வாங்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஆனால் அதே 2007இல் வந்த 64 பிட் விண்டோஸ் விஸ்டா, கையொப்பம் இல்லாத கெர்னல் ட்ரைவரை ஏற்க மறுத்தது. 2010 கடைசியில் 6950 அட்டையை 6970 ஆக்கும் வித்தை பரவியபோது, திருத்தவேண்டியது ட்ரைவரை அல்ல, அட்டையின் பயோஸை; பிழைபட்டால் அட்டை எழும்பாமலும் போகலாம். 2017இன் வேகா அட்டைகள் முதல் பயோஸுக்கும் கையொப்பச் சோதனை வந்தது.

கதவு சாத்தியாயிற்று என்று நினைக்கவேண்டாம். இன்றைய லினக்ஸின் ஏஎம்டிஜிபியு ட்ரைவரில் மின்சார, வேக அம்சங்களை 32 பிட்டுகள் கொண்ட ஓர் எண் ஆளுகிறது. சிலவற்றை ட்ரைவரை எழுதியவர்களே காரணத்தோடு அணைத்து வைத்திருக்கிறார்கள். ஓவர்கிளாக் ஆசையில் பலர் எங்கிருந்தோ ஒரு வரியைப் பிரதிபண்ணிப் பூட் வரியில் ஒட்டி, 32 பிட்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தாங்கள் கேட்டது ஒன்று, இயக்கியது அத்தனையும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. விளைவும் சதுரங்கக் கட்டம்போல் உடனே கண்ணில் படாது. என்றோ ஒருநாள் திரை மினுங்கும், அல்லது உறக்கத்திலிருந்து கணினி எழ மறுக்கும். அதற்குள் அந்த வரி மறந்துபோயிருக்கும். பழி கெர்னலுக்கோ கடைசியாகப் போட்ட அப்டேட்டுக்கோ போகும். அதனால்தான் இப்போது ஓவர்டிரைவ் என்ற அந்த ஓவர்கிளாக் அம்சத்தை இயக்கினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அன்றைய கையேட்டுக் குறிப்பைவிட இது நேர்மையான ஏற்பாடு.

உங்கள் லினக்ஸ் கணினி விளங்காமல் தொல்லை தந்தால், முறைப்பாடு எழுதுமுன் பூட் வரியைத் திறந்து பாருங்கள். அந்த எண் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி தொடக்குங்கள்.