புஷ்பாவுக்கு 800 கோடி, ஹோம்பவுண்டுக்குக் காத்து வாங்கிய தியேட்டர்: இந்தி சினிமா தொலைத்த தொழிலாளி

தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஒரு கூட்டமே இறங்கிவிடும். முதுகில் பை, காதில் இயர்போன். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்து இளைஞர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் என்று ஆரம்பித்து, கை பழகியதும் ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் உட்காருவார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. இவர்கள் இல்லாமல் இங்கே ஷிப்மென்ட் நகராது.

இந்தி சினிமாவிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு ரயில் வந்தது. 2013-ல் வெளியான 'சென்னை எக்ஸ்பிரஸ்'. அதில் வந்தவர் மும்பை ஸ்வீட் கடைக் குடும்பத்து வாரிசான ஷாருக் கான். அவர் பார்த்த தமிழ்நாடு, அரிவாளும் முறுக்கு மீசையும் நிறைந்தது. படம் சூப்பர் ஹிட். ஆனால் நிஜ ரயிலில் வருகிறவர்களின் கதையை பாலிவுட் எத்தனை முறை பெரிய அளவில் சொல்லியிருக்கிறது? கை விட்டு எண்ணிவிடலாம்.

'பாலிவுட்டில் நல்ல படமே வர்றதில்லை' என்ற பேச்சு 2022-ல் பலமாக எழுந்தது. 'லால் சிங் சத்தா', 'சாம்ராட் பிருத்விராஜ்', 'ஷம்ஷேரா' என வரிசையாக அடி. அப்புறம் 'பதான்', 'ஜவான்' வந்தன. 2025-ல் 'சாவா', 'சையாரா' வசூலை அள்ளின. ஆக, பணம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேட்டர் வேறு. யாருக்காக, யாரைப் பற்றி படம் எடுக்கிறார்கள் என்பதுதான்.

முன்னாடி எப்படி இருந்தது?

பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953), நிலத்தை மீட்க கொல்கத்தா போய் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. 'கமன்' (1978) உத்தரப்பிரதேச கிராமத்திலிருந்து பம்பாய் வந்து டாக்சி ஓட்டுபவரைப் பற்றியது. இதெல்லாம் 'ஆர்ட்' வகை என்று ஒதுக்கினாலும், பக்கா கமர்ஷியலில் மட்டும் என்ன? 'தீவார்' (1975) அமிதாப் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தமிழில் ரஜினி நடித்த 'தீ' அதன் ரீமேக்தான். 'கூலி'யில் (1983) அமிதாப் ரயில்வே போர்ட்டர். வேலைக்காக ஊரை விட்டு வந்தவனும், உடம்பை வைத்துப் பிழைப்பவனும்தான் அன்றைய மாஸ் ஹீரோ.

90-களில் காற்று மாறியது. 1995-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' ஹீரோ லண்டனில் வளர்ந்தவர். 2001-ல் 'கபி குஷி கபி கம்' குடும்பத்து மூத்த மகன் வீட்டுக்கு வருவதே ஹெலிகாப்டரில். இதற்கு நடுவே, 1997-ல் டெல்லி சாகேத்தில் பி.வி.ஆரின் முதல் மல்டிபிளக்ஸ் திறந்தது. டிக்கெட் விலை ஏறியது, வெளிநாட்டு வசூல் ருசித்தது. பெருநகரமும் வெளிநாடும் போதும் என்ற கணக்கு ஒர்க்அவுட் ஆனது. சிங்கிள் ஸ்கிரீன் ரசிகரை விட்டுவிட்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. 2004-ல் மனோஜ் திவாரியின் 'சசுரா படா பைசாவாலா' ஓடிய ஓட்டத்தில் போஜ்புரி சினிமாவுக்கே உயிர் திரும்பியது. அப்புறம் டிவி. தமிழ் 'சூர்யவம்சம்' படத்தை அமிதாப்பை வைத்து 1999-ல் இந்தியில் எடுத்தார்கள். தியேட்டரில் போணியாகவில்லை. ஆனால் சோனி மேக்ஸில் திரும்பத் திரும்ப ஓடி, மீம் ஆகும் அளவுக்கு வீட்டுப் படமாகிவிட்டது. அடுத்து செல்போன் வந்தது. தென்னிந்திய டப்பிங் படங்களைப் போடும் 'கோல்டுமைன்ஸ்', இன்று நாட்டின் மிகப் பெரிய யூடியூப் சேனல்களில் ஒன்று.

இந்த அடித்தளத்தில்தான் 'புஷ்பா 2' இந்தியில் மட்டும் 800 கோடிக்கு மேல் வசூலித்தது, அதன் சொந்த மொழியான தெலுங்கை விட அதிகம். புஷ்பா யார்? தினக்கூலி. முதலாளி எதிரே கால்மேல் கால் போட்டு உட்காருகிறவன். செம்மரம் கடத்துகிறான், பெண்களை நடத்தும் விதமும் சரியில்லை. பல விஷயங்களில் ரொம்ப மோசமான படம்தான். ஆனாலும் கூலிக்காரனின் மானம் என்ற ஒன்றை அது தொட்டது. 'தீவார்' விட்ட இடத்தை சித்தூர் பாஷை பேசும் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

பாலிவுட் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ரத்தத்தையும் ஸ்லோமோஷனையும்தான். கூடவே ரீமேக்குகள். 'தெறி' 'பேபி ஜான்' ஆனது, 'சூரரைப் போற்று' 'சர்ஃபிரா' ஆனது. இரண்டும் 2024-ல் படுத்துவிட்டன.

அப்போ நல்ல படமே இல்லையா?

இருக்கிறது. நீரஜ் கேவானின் 'ஹோம்பவுண்ட்' (2025) திருப்பூருக்கு ரொம்ப நெருக்கமான கதை. உத்தரப்பிரதேச கிராமத்து நண்பர்கள் இருவர், ஒருவர் தலித், இன்னொருவர் முஸ்லிம். போலீஸ் வேலைக்காகக் காத்திருந்து, கடைசியில் சூரத் ஜவுளி ஆலைக்குப் போகிறார்கள். 2020 ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் ஒருவர் இறந்துவிடுகிறார். பஷாரத் பீர் அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் எழுதிய நிஜச் சம்பவம் இது. கான் விழாவில் திரையிடப்பட்டது, மார்ட்டின் ஸ்கோர்செஸி எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர், இந்தியாவின் ஆஸ்கர் என்ட்ரி. தியேட்டரில்? காத்து வாங்கியது.

தயாரித்தது கரண் ஜோஹரின் தர்மா. செப்டம்பர் 26-ல் அதை வெளியிட்ட அதே கம்பெனி, அக்டோபர் 2-ல் ஒரு கல்யாண ரொமான்டிக் காமெடியை இறக்கியது. அதே நாளில் வந்த கன்னட 'காந்தாரா சாப்டர் 1', இந்தியிலேயே அந்தக் காமெடியை அசால்ட்டாக முந்தியது.

சாதாரண மனிதர்களின் கதை ஓடாது என்பதும் சாக்குதான். பெரிய ஸ்டார் இல்லாத '12த் ஃபெயில்' (2023) வாரக்கணக்கில் ஓடியது. சந்தேரி என்ற சின்ன ஊரை வைத்த 'ஸ்த்ரீ 2', 2024-ன் பெரிய ஹிட்களில் ஒன்று.

இதில் நமக்கு என்ன?

2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஊரிலிருந்து பதறிப்போய் போன் மேல் போன். பலர் மூட்டையைக் கட்டினார்கள். தமிழ்நாடு போலீஸ் இந்தியிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, அவர்கள் திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசினார்கள். நல்ல சினிமா இருந்திருந்தால் வதந்தி பரவியிருக்காது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் மகன் எங்கே தங்குகிறான், என்ன மெஷினில் உட்காருகிறான், சனிக்கிழமை சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு அனுப்புகிறான் என்பதைத் திரையில் ஒருமுறைகூட பார்க்காத அம்மாவிடம், அந்தப் போலி வீடியோதான் முதல் படமாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழ் சினிமாவும் காலரைத் தூக்கிவிட முடியாது. பாஸ்கர் சக்தி, வடமாநிலத் தொழிலாளர்கள் மீதான வெறுப்பை வைத்து எடுத்த படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வடக்கன்'. தணிக்கையில் சிக்கி, 'ரயில்' என்ற பெயரில் 2024 ஜூனில் வந்தது, சத்தமில்லாமல் போனது.

'ஹோம்பவுண்ட்' இப்போது நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ரூமில் போனைத் திறப்பவருக்கு யூடியூப் டப்பிங் படம் ஃப்ரீ.