பொறுக்கும் எண்ணெயும் முந்தும் எண்ணெயும்

உன்னிச்சைக் குளத்து நீர் வாய்க்கால் வழியே இறங்கி வயல்கள் உழவுக்குப் பதமாகும் பருவத்தில், விடியற்காலையில் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பப்படும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தருவதற்கென்று ஒரு கருவியும் கிடையாது என்பதும், பக்கத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் பம்போ பெற்றோலில் கிளம்பிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகிறது என்பதும், அன்றாடம் கண்டு பழகியதனாலேயே நாம் வியக்க மறந்த விஷயங்கள்.

ஒரே மசகெண்ணெயிலிருந்து பிரிந்த இவற்றுக்குள் சுபாவ பேதம் பெரிது. டீசல், அமுக்கத்தால் தகிக்கும் காற்றிற் பட்டவுடன் தானாகவே பற்ற வேண்டும். பெற்றோலோ, பிளக்கில் பொறி பிறந்து சுவாலை தன்னை வந்தடையும்வரை அமுக்கத்தையும் வெப்பத்தையும் பொறுத்திருக்க வேண்டும். பொறாது முந்திப் பற்றினால் எஞ்சினுக்குள் சுத்தியல் அடித்தாற்போல் ஓசை எழும். அப்பொறுமையின் அளவே எண்ணெய் நிலையத்தில் நாம் காணும் 92, 95 என்னும் ஒக்டேன் எண். டீசல் முந்தும் விரைவின் அளவு சீட்டேன் எண்.

பற்றுதல் என்பது, உடைந்த மூலக்கூற்றுத் துண்டுகள் ஒன்று பலவாகப் பெருகி, ஊரில் வதந்தி பரவுவதுபோல் பரவும் சங்கிலித் தொடர். 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்க்கை, பெற்றோலில் லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயமாகவே கலக்கப்பட்டும், எரியறையில் நுண்ணிய ஈய ஒட்சைட்டுத் துகள்களாகி அத்துண்டுகளை இடைமறித்து வதந்தியின் வாயை அடைத்தது. டீசலிற் கலக்கும் எத்தில்எக்சைல் நைத்திரேற்று இதற்கு நேர்விரோதம்: இலேசான சூட்டிலேயே சிதைந்து, அத்தகைய துண்டுகளைத் தானே பரப்பிப் பற்றுதலைத் துரிதப்படுத்தும்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய 1990களின் யாழ்ப்பாணத்தில், பழைய மொறிஸ், ஒஸ்டின் கார்கள் சில துளிப் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின; நமது தோட்டத்துப் பம்பின் முறையே அது. மண்ணெண்ணெய் பொறுமையற்றதாயினும், அவ்வெஞ்சின்களின் அமுக்கம் குறைவாதலால் ஒருவாறு தாங்கின.

எஞ்சினுக்குப் பொறுமை வாங்கிக் கொடுத்த ஈயத்தின் விலையை, அதன் புகையைச் சுவாசித்த பிள்ளைகளின் மூளை செலுத்திற்று. இலங்கை அதனை 2002இல் விலக்கியது; உலகிற் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அதே பொறுமையை இன்று, எண்ணெயின் மூலக்கூறுகளையே கிளைபடத் திருத்தியமைத்துச் சுத்திகரிப்பு ஆலை தருகிறது.